இரண்டாவது கேம்பெய்ன் ஆரம்பிக்கும் முன் பழைய கேரக்டரின் சொந்தக்காரரிடம் கேளுங்கள்

"அக்கா, என் ஆளு அங்க எதுக்குப் போனான்? நான் போகச் சொல்லவே இல்லையே."

கேட்டவனுக்குப் பதினாறு வயது. அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரை கே.கே.நகரில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் தொழில். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயப்படும் பிள்ளைகள் ஐந்து பேரை ஞாயிறு சாயங்காலம் உட்காரவைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. கதையை நடத்த ஒரு டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), ஆளுக்கொரு கேரக்டர், முடிவு தெரியாத இடத்தில் உருட்ட இருபது முகப் பகடை. எங்கள் முதல் கேம்பெய்ன், அதாவது பல வாரம் தொடர்ந்து ஆடும் ஒரே நீளக் கதை, பதினான்கு மாதம் ஓடியது. அவனுடைய வீரன் கோட்டையைக் காப்பாற்றிவிட்டு, வாளைப் பரணில் போட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு சத்திரம் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது கேம்பெய்னை இருபது வருடம் கழித்து நடப்பதாக எழுதினேன். புது எதிரி எவ்வளவு பயங்கரமானவன் என்று காட்ட, முதல் காட்சியிலேயே அந்த வீரனைச் சாலையோரம் பிணமாகக் கிடத்தினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய கேரக்டர் ஷீட்டை எடுத்துப் பார்த்தான். ஆளுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் ஹிட் பாயிண்ட் கட்டத்தில் எழுதி அழித்து, எழுதி அழித்து, காகிதம் ஓட்டையாகி, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தான். திரும்பக் கவருக்குள் வைத்தவன் அன்று பகடையைத் தொடவில்லை, அடுத்த இரண்டு வாரம் வரவும் இல்லை.

உலகம் டிஎம்முடையது, கேரக்டர் ஆடுகிறவருடையது. கேம்பெய்ன் முடிந்தாலும் அந்த உரிமை முடியாது என்பதை நான் மறந்துவிட்டேன். எனக்கு அது கதைக்கு ஒரு திருப்பம், ஆனால் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லவே திணறும் பையனுக்குப் பதினான்கு மாதம் அவன் சார்பில் பேசியது அந்த வீரன்தான்.

டிஎம்கள் ஏன் இப்படிச் செய்கிறோம் என்றும் புரிகிறது. புதுக் கதையில் எல்லோரும் முதல் லெவலில் நிற்பார்கள், மந்திரவாதிக்குப் பெரும்பாலும் பத்து ஹிட் பாயிண்ட்கூட இருக்காது. ஊரில் பெரிய வீரர்கள் உயிரோடு இருந்தால் 'அவங்களையே கூப்பிட வேண்டியதுதானே' என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்குப் பயந்து பழைய ஆட்களைக் கொல்கிறோம், இல்லையென்றால் கெட்டவர்களாக்குகிறோம்.

நம் ஊர் சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அழகர், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து கோபத்தோடு வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார் என்றுதானே பாட்டிமார் சொல்வார்கள்? கல்யாணத்தைக் கெடுக்காமல், யாரையும் சாகடிக்காமல், தாமதமாக வந்தவரிடமிருந்து அடுத்த கதை ஆற்றில் இறங்குகிறது. நான் இப்போது பிள்ளைகளிடம் கேட்பதும் அதுதான்: நீங்கள் ஜெயித்த அன்று வந்துசேராதது யார்? "மேற்கு வாசலத்தான காப்பாத்துனோம், கிழக்கு வாசல்ல இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்றாள் ஒருத்தி. எங்கள் இரண்டாவது கேம்பெய்ன் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

செஷன் ஸீரோவை, அதாவது பகடை இல்லாமல் முதலில் உட்கார்ந்து பேசுவதை, தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பழைய கேரக்டர் பற்றி மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் கூச்சப்படுகிற பிள்ளை கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'சரி' என்றுதான் சொல்லும். உன் ஆள் கதையில் வரலாமா, வந்தால் அவனுக்காக யார் பேசுவது, அவனுக்கு என்ன நடக்கவே கூடாது என்று கேட்டால் போதும். அப்புறம், இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் ஏதாவது இழப்பு நடந்ததா என்றும் விசாரியுங்கள். இருபது வருடம் தாண்டுகிற கதையில் அப்பா அம்மாக்கள் செத்துப்போவது சாதாரணமாக வந்துவிடும், கேட்கிற பிள்ளைக்கு அது சாதாரணமாக இருக்காது.

அவன் வீட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் அந்தக் காட்சியை ரத்து செய்தேன். சத்திரம் இருக்கட்டும், யாரும் அதைத் தாக்கக் கூடாது, அங்கே போனால் நானே பேசுவேன் என்றான்.

அவன் திரும்பி வந்தபின் மூன்றாவது செஷனில் புது ஆட்கள் மழையில் நனைந்து அந்தச் சத்திரத்து வாசலில் போய் நின்றார்கள். நான் வாய் திறக்கும் முன் செலோடேப் ஒட்டிய ஷீட்டை மேஜையில் விரித்துவைத்து, குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு கேட்டான்: "எத்தனை பேருக்கு இலை போட?"