கேக்டஸ், சக்குலென்ட், கள்ளி: எது எதற்கு ஈடு?

அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய செடி ஆர்வலர் சங்கத்தின் பெயர் 'கேக்டஸ் அண்டு சக்குலென்ட் சொசைட்டி'. இதை வெறுமனே 'கள்ளிச் சங்கம்' என்று தமிழாக்கினால் கற்றாழையும் பிரண்டையும் வெளியே நின்றுவிடும்.

'சுக்குஸ்' என்றால் இலத்தீனில் சாறு. சக்குலென்ட் என்பது குடும்பப் பெயரல்ல, செடியின் பழக்கம். கற்றாழை இலையிலும், பிரண்டை தண்டிலும், பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் அடிப்பகுதியிலும் நீரைச் சேர்க்கின்றன. 'சாற்றுச்செடி' என்றால் மூலத்துக்கு நெருக்கம்தான்; ஆனால் கள்ளிப்பால் நினைவுக்கு வந்து குழப்பும். 'சதைப்பற்றுத் தாவரம்' போதும்.

கேக்டஸின் கதை வேறு. கிரேக்கத்தில் 'காக்டோஸ்' என்பது சிசிலித் தீவில் வளர்ந்த ஒரு முட்செடி; கூனைப்பூ (ஆர்டிசோக்) இனமாக இருக்கலாம். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதே பெயரை அமெரிக்கச் செடிகளுக்கு வைத்தார். பிறகு அந்தப் பேரினம் பலவாகப் பிரிந்து, 'கேக்டஸ்' குடும்பப் பெயரில் மட்டும் மிஞ்சியது.

கள்ளியோ நம்முடையது. சங்கப் பாடல்களின் சுடுகாட்டில் நிற்கும் கள்ளி கேக்டஸாக இருக்க முடியாது. கேக்டஸான சப்பாத்திக்கள்ளி பிற்காலத்தில்தான் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூபோர்பியா என்ற பேரினம்; அது ஆமணக்குக் குடும்பம். திருகுகள்ளியின் அறிவியல் பெயரே 'யூபோர்பியா திருக்கள்ளி'. மலபார்ப் பெயரை லின்னேயஸ் அப்படியே எடுத்துக்கொண்டார்.

நர்சரியில் பிரித்தறிய முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் பஞ்சு ஒட்டியதுபோல் சிறு மெத்தை இருக்கும், முட்கள் அதிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியில் மெத்தை கிடையாது. விளிம்பு மேட்டில் முள் இரண்டிரண்டாக நிற்கும். பால் வந்தாலே யூபோர்பியா என்று நம்பாதீர்கள், மாமிலேரியா என்ற கேக்டஸ் பேரினத்தில் சிலவற்றிலும் பால் வரும்.

பெயர் மாறினால் கைவேலையும் மாறும். யூபோர்பியாவை வெட்டினால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டுவாயைத் தண்ணீரில் கழுவிப் பாலை நிறுத்தி, 1 முதல் 2 வாரம் நிழலில் உலர்த்தி நடவேண்டும். கேக்டஸுக்குக் கழுவல் வேண்டாம், உலர்த்தல் மட்டும் போதும். ஈரம் காயாமல் நட்டால் இரண்டுமே வெட்டுவாயிலிருந்து அழுகும். சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளைவிடத் தொல்லை, மெத்தையில் மறைந்திருக்கும் மயிர்போன்ற நுண்முள்தான். தோலில் ஏறினால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுங்கள்.

பேச்சில் 'கள்ளி' இரண்டுக்கும் இருக்கட்டும். செடிச்சீட்டில் எழுதும்போது யூபோர்பியாவுக்கு 'ஆமணக்குக் குடும்பம்' என்றும், கேக்டஸுக்குச் 'சப்பாத்திக்கள்ளிக் குடும்பம்' என்றும் எழுதலாம். சங்கத்தின் பெயர்? 'கேக்டஸ், சதைப்பற்றுத் தாவரச் சங்கம்'.