ஒரே நாற்காலியில் 51 ஆண்டுகள்: அது எப்படி நடக்கிறது?

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஆர்.கே. புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். தில்லிக் குளிரில் தயிர் லேசில் உறையாது. அண்ணி இளஞ்சூட்டுப் பாலில் முந்தின நாள் தயிரை இரண்டு கரண்டி விட்டுக் கலக்கி, பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டாவது படிக்கும் அண்ணன் மகள் சமூக அறிவியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, லோக் சபாவைக் கலைக்கலாம், ராஜ்ய சபாவைக் கலைக்கவே முடியாதுன்னு போட்டிருக்கு. அப்போ ஒருத்தர் உள்ளே போயிட்டா எத்தனை வருஷம் வேணாலும் இருக்கலாமா?"

இருக்கலாம். உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஆனால் 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்துவிட்டார்' என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இயந்திரம் ஓடுகிறது, அந்த இயந்திரம் ஒரு நாட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு நாட்டில் வேறு மாதிரியும் ஓடுகிறது. அன்று அவளுக்குச் சொன்னதையும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கலையாத அவை. அண்ணி கையில் இருந்த பாத்திரத்தையே காட்டினேன். முழுதும் புதுப் பாலாக இருந்தால் உறையாது, பழைய தயிர் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். மேலவை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ராஜ்ய சபா உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேர் போவார்கள், அந்த இடங்களுக்கு வேறு ஆட்கள் வருவார்கள், மீதி இரண்டு பங்கு அப்படியே உட்கார்ந்திருக்கும். அமெரிக்க செனட்டிலும் இதே ஏற்பாடுதான், 1789-இல் தொடங்கியபோதே செனட்டர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, யாருக்கு 2 ஆண்டு, யாருக்கு 4, யாருக்கு 6 என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

எல்லா மாநிலத்திலும் இந்த மூன்றிலொரு பங்கு கண்ணுக்குத் தெரியாது. நாம் குடியிருக்கும் தில்லியையே பாருங்கள். இங்கே 3 இடங்கள்தான், மூன்றும் ஒரே ஜனவரியில் காலியாகும், 2018-இல் ஒருமுறை, 2024-இல் ஒருமுறை. தமிழ்நாட்டில் 18 இடங்கள், ஆறு ஆறாகக் காலியாகும்.

சரி, ஒருவர் திரும்பத் திரும்ப வருவது எப்படி? இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அமெரிக்க செனட்டில் மிக நீண்ட காலம் இருந்தவர் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். 1959 ஜனவரி 3 அன்று பதவியேற்று 2010 ஜூன் 28 அன்று பதவியில் இருந்தபடியே இறந்தார், 51 ஆண்டு, 5 மாதம், 26 நாள். 9 தேர்தல்களில் ஜெயித்தார். முதல் தேர்தலை விட்டுவிடுங்கள், அதற்குப் பின் 8 முறை பதவியைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜெயிக்க பத்தில் எட்டு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.8-ஐ எட்டு முறை பெருக்கினால் 17 சதவீதம்தான் வரும். பத்தில் ஒன்பது என்றால் 43 சதவீதம். நூற்றுக்கு 97 என்றால்தான் 78 சதவீதம். அதாவது 50 ஆண்டைத் தொட வேண்டுமானால் 'நல்ல வாய்ப்பு' போதாது, தோற்பதே கிட்டத்தட்ட நடக்காத காரியமாக மாற வேண்டும். பேர்டுக்கு அப்படித்தான் மாறியது. 1976-இல் அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளரே நிற்கவில்லை.

அது ஏன் மாறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செனட்டில் சீனியாரிட்டி என்பது வெறும் மரியாதை இல்லை. பெரும்பான்மைக் கட்சியில் ஒரு கமிட்டியில் யார் நீண்ட காலம் இருந்திருக்கிறாரோ அவருக்குத்தான் தலைவர் பதவி என்பது நெடுநாள் வழக்கம், சட்டப் புத்தகத்தில் இருக்கும் விதி அல்ல. ஒரே நாளில் பதவியேற்றவர்களுக்கு நடுவே யார் மூத்தவர் என்று தீர்க்கக்கூட வரிசை வைத்திருக்கிறார்கள்: முன்பே செனட்டராக இருந்தாரா, துணை அதிபராக இருந்தாரா, கீழவையில் இருந்தாரா, அமைச்சரா, ஆளுநரா, எதிலும் தீரவில்லை என்றால் எந்த மாநிலத்தில் மக்கள்தொகை அதிகம். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கில் அதிகாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பேர்ட் 1989-இல் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியின் தலைவரானார். நாட்டின் பணம் எங்கே போகிறது என்று தீர்மானிக்கும் இடம் அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1988 நவம்பர் 15 இரவு, அவர் மாநிலத்தில் கிரீன் பேங்க் என்ற ஊரில் இருந்த 300 அடி அகல ரேடியோ தொலைநோக்கி அப்படியே இடிந்து விழுந்தது. தாங்கிப் பிடித்த சட்டத்தில் ஒரு இணைப்புத் தகடு விட்டுப்போயிற்று, மொத்தக் கிண்ணமும் இரும்புக் குவியலாகக் கிடந்தது. அதே இடத்தில் புதியதைக் கட்ட பேர்ட் பணம் வாங்கிக் கொடுத்தார். 2000-இல் அது திறக்கப்பட்டது, குறுக்களவு 100 மீட்டர், எந்தத் திசைக்கும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது, பெயரும் ராபர்ட் சி. பேர்ட் கிரீன் பேங்க் தொலைநோக்கி. மேற்கு வர்ஜீனியா முழுக்க அவர் பெயரில் சாலைகளும் பாலங்களும் கட்டடங்களும் இருக்கின்றன.

வட்டம் இப்போது தெரிகிறதா? ஆண்டு கூடினால் சீனியாரிட்டி, சீனியாரிட்டி வந்தால் கமிட்டி, கமிட்டி வந்தால் ஊருக்குப் பணம், பணம் வந்தால் ஓட்டு, ஓட்டு வந்தால் இன்னும் 6 ஆண்டு. அந்த ஊர் வாக்காளர் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்கு எதிராக நிற்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வரிசையில் கடைசியில்தான் போய் நிற்பார். மேற்கு வர்ஜீனியாவில் இருப்பது 18 லட்சம் பேர் அளவுதான், கலிபோர்னியாவில் 3.9 கோடி, ஆனால் இரண்டுக்கும் ஆளுக்கு 2 செனட்டர். சின்ன மாநிலத்துக்கு இந்த வரிசையில் முன்னால் நிற்கும் ஆள் உயிர்நாடி. பேர்டுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் டேனியல் இனோயே ஹவாய், 1963 முதல் 2012-இல் இறக்கும் வரை. அடுத்தவர் பேட்ரிக் லேஹி வெர்மான்ட், 34 வயதில் வந்து 48 ஆண்டு இருந்தார். இளம் வயதில் நுழைவது, சின்ன மாநிலம், நீண்ட ஆயுள், இந்த மூன்றும் முதல் மூன்று பேருக்குமே பொருந்துகிறது.

இந்த வட்டத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரே கட்சிதான் ஜெயிக்கும், கறுப்பின மக்களை ஓட்டுப் போடவே விடமாட்டார்கள். போட்டி இல்லாத இடத்திலிருந்து வந்தவர்களுக்கு ஆண்டுகள் தானாகச் சேர்ந்தன, கமிட்டிகள் அவர்கள் கைக்குப் போயின. மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் 1956 முதல் 1978 வரை நீதித்துறைக் கமிட்டியின் தலைவராக இருந்து, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டங்களுக்கு முட்டுக்கட்டை போட்டார். 1964-இல் குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க நம்ம பேர்டும் 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார், பின்னாளில் அதற்காக வருந்தினார். ஆண்டுக்கு மரியாதை கொடுக்கலாம், ஆண்டுக்கு அதிகாரத்தை எழுதிக் கொடுப்பது தப்பு என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்புறம் அவள் கேட்டாள், "நம்ம ஊர்ல யாரு அப்படி?"

இங்கே வட்டம் ஓடாது. நம் நாடாளுமன்ற நிலைக்குழுக்களை ஆண்டுதோறும் திருத்தி அமைக்கிறார்கள், யார் தலைவர் என்பதில் கட்சியின் எண்ணிக்கையும் கட்சி கொடுக்கும் பெயரும்தான் பேசும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, நேற்று வந்தவருக்கும் அதே, ஐந்தாம் முறை வந்தவருக்கும் அதே. ஆண்டு கூடுவதால் மாநிலத்துக்குக் கூடுதலாக எதுவும் வராது.

ராஜ்ய சபாவுக்கு ஓட்டுப் போடுவதும் மக்கள் இல்லை, எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டில் 234 பேர், 6 இடம் காலியானால் அதோடு ஒன்றைக் கூட்டி 7, 234-ஐ அந்த 7-ஆல் வகுத்து அதற்கு மேல் ஒரு முழு எண், 34 எம்.எல்.ஏ. இருந்தால் ஒரு இடம். அதனால் ஒருவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்பது அவர் உழைப்பைவிட இரண்டு பேர் கையில் இருக்கிறது: சீட் கொடுக்கும் கட்சித் தலைமை, அந்த ஆண்டு சட்டமன்றத்தில் இருக்கும் எண்ணிக்கை. வைகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978 முதல் 1996 வரை தொடர்ந்து மூன்று முறை ராஜ்ய சபாவில் இருந்தார், திரும்ப உள்ளே வந்தது 2019-இல்தான். நடுவில் 23 ஆண்டு. பேர்டின் வட்டம் இங்கே இருந்திருந்தால் அப்படி ஒரு இடைவெளி விழுந்திருக்காது.

இதைவிடத் தெளிவான உதாரணம் மன்மோகன் சிங். 1991-இல் அசாமிலிருந்து வந்தார், 10 ஆண்டு பிரதமராக இருந்தது முழுக்க ராஜ்ய சபா உறுப்பினராகத்தான். 2019-இல் அசாமில் 2 இடம் காலியானது. அங்கே 126 எம்.எல்.ஏ., மூன்றால் வகுத்தால் 42, ஆக 43 வேண்டும். காங்கிரஸிடம் அவ்வளவு இல்லை. நாட்டின் முன்னாள் பிரதமர், 28 ஆண்டு அனுபவம், எதுவும் அந்த 43-க்கு முன்னால் நிற்கவில்லை. ஜூனில் பதவிக்காலம் முடிந்து வெளியே போனவர், ஆகஸ்டில் ராஜஸ்தானிலிருந்து திரும்ப வந்தார். ஒரு மாநிலத்தில் குடியிருந்தால்தான் அதன் சார்பில் நிற்கலாம் என்ற நிபந்தனையை 2003-இல் எடுத்துவிட்டதால்தான் இந்த மாற்றம் இவ்வளவு சுலபமாக நடந்தது.

2023 ஆகஸ்டில் தில்லி அரசின் அதிகாரங்கள் பற்றிய மசோதாவுக்கு ஓட்டுப் போட 90 வயதில் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தார். 2024 ஏப்ரல் 3 அன்று ஓய்வு பெற்றார், இடையில் விட்ட இரண்டு மாதம் போக ஏறத்தாழ 32 ஆண்டு. அந்த இடத்துக்கு வந்தவர் சோனியா காந்தி, 1999 முதல் மக்களவையில் இருந்தவர், ஆனால் ராஜ்ய சபாவில் அவருக்கு அது முதல் நாள்.