சொல் விளக்கம்: சீலியாக் என்னும் பசையக் குடல்நோய்

என் அக்காளுக்கு ஐந்து ஆண்டுகளாக இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் கொஞ்சம் தேறுவாள், விட்டால் மறுபடியும் சோர்ந்துவிடுவாள். இடையிடையே வாய்ப்புண், வயிற்று உப்புசம். சென்ற ஆண்டு ஒரு மருத்துவர், 'சீலியாக் நோயாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள்' என்றார். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் பெரி ஏறி வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் 'கோதுமை அலர்ஜி' ஆகிவிட்டது. அன்றே ரொட்டி சானாயையும் சப்பாத்தியையும் நிறுத்தினாள். மூன்று மாதம் கழித்து வேறொரு கிளினிக்கில் இரத்தம் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. கோதுமை சாப்பிடுகிறீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சீலியாக் என்ற பெயரில் நோயைப் பற்றிய செய்தி எதுவும் கிடையாது. கிரேக்க மொழியில் 'கொய்லோஸ்' என்றால் உள்ளீடற்றது. அதிலிருந்து 'கொய்லியா', வயிறு. கப்படோசியாவைச் சேர்ந்த பண்டைய மருத்துவர் அரிட்டேயஸ், தின்றது செரிக்காமல் கழிந்து உடல் மெலிவோரை 'வயிற்றுக்காரர்' என்ற பொருளில் 'கொய்லியாக்கோஸ்' என்றார். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதே பெயரில் இந்த நோயை விரிவாக எழுதினார். உணவைச் சீர்செய்தால்தான் குணமாகும் என்று அவர் கண்டுகொண்டார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெவுக்குக் கோதுமைமேல் முன்பே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நாள்களில் நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நலிந்ததும் அந்த ஐயத்தை உறுதியாக்கின. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

குற்றவாளி கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதம். இது லத்தீன் சொல், பொருள், பசை. சுவரொட்டிக்கு மைதாவைக் காய்ச்சி ஒட்டிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிசைந்த மாவு உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். வெள்ளை மாவுச்சத்து கரைந்து ஓட, ரப்பர் போல ஒரு துண்டு கையில் மிஞ்சும். அதுதான் குளுட்டன். மாமாக் கடையில் ரொட்டி கிழியாமல் விசிறிபோல் விரிவது அதன் வலுவால்தான். நம் வீட்டுச் சைவ விருந்துகளில் பரிமாறப்படும் 'சைவ ஆட்டிறைச்சி' பலவும் அதனால் செய்ததே. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் உறவுப் புரதங்கள் உண்டு. அதனால் மால்ட் பானங்களிலும், கோதுமை சேர்த்துக் காய்ச்சும் சோயா சாஸிலும், மாவு கலந்த கூட்டுப் பெருங்காயத்திலும்கூட இது ஒளிந்திருக்கும்.

தமிழில் இதைப் 'பசையம்' என்கிறோம். நல்ல சொல். ஆனால் ஓர் ஒற்று கூடினால் 'பச்சையம்' ஆகி, இலையின் பச்சை நிறமியைக் குறிக்கும். அச்சில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். இன்னொன்று, ஒட்டுவதெல்லாம் பசையம் ஆகாது. நம்மூர்ப் புலுட் அரிசி விரலில் ஒட்டுவது அதிலுள்ள மாவுச்சத்தால். அதில் குளுட்டன் இல்லை.

நோய்க்கு என்ன பெயர் வைப்பது? நம் மருத்துவத்தில் 'கிராணி' என்ற பழைய சொல் உண்டு. நாள்பட்ட கழிச்சலை அது குறிக்கும். ஜீ கண்ட குழந்தைகளுக்கு அது பொருந்தியிருக்கும். அக்காளுக்கோ கழிச்சலே இல்லை. சோகை, அசதி, எலும்புத் தேய்மானம், அரிக்கும் கொப்புளம் என்று குடலுக்கு வெளியே மட்டும் நோய் தலைகாட்டுகிறவர்கள் பலர். 'ஒவ்வாமை'யும் சரிவராது, அது வேறு வகை எதிர்வினை. இங்கே உடலின் காவற்படை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்புச்சத்து உள்ளே போகாமல் வீணாகிறது. ஆகவே 'பசையக் குடல்நோய்' என்பேன். காரணமும் இடமும் பெயரிலேயே இருக்கின்றன.

காரணம் பெயரில் இருந்தால் பரிசோதனையும் விளங்கும். முதலில் இரத்தத்தில், திசு டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்னும் நம் உடலின் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளை, அதிலும் ஐஜிஏ என்ற வகையைத் தேடுகிறார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சிலருக்கு இயல்பிலேயே அது குறைவு. அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்றுவிடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாக முன்சிறுகுடலில் சிறு துணுக்குகள் எடுத்துத் திசு ஆய்வு செய்வார்கள். பசையம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் இவை எதையும் காட்டும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் வடிந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். அதனால் சோதனைகள் எல்லாம் முடியும்வரை கோதுமையை விடக் கூடாது. முன்பே விட்டவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நாளில் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவாகக் குறைந்தது ஆறு வாரம் சாப்பிட்ட பிறகே சோதனைக்குப் போக வேண்டும்.

அக்காளுக்கு இது நான்காவது வாரம். காலையில் ரொட்டி, இரவில் சப்பாத்தி. உப்புசம் திரும்பி வந்திருக்கிறது, இருந்தும் விடவில்லை. சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறாள். அதன் அட்டையில் 'பசையம்' என்று, ஒற்று மிகாமல், எழுதிக் கொடுத்தேன்.