நால்வருக்கும் ஒரே மதிப்பெண்ணா?

நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை தருகிறார்கள். நூற்றுக்கு 60 கிடைக்கிறது. நால்வருக்கும் அதே 60. ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதியிருக்கலாம், இன்னொருவர் அட்டையில் பெயரை மட்டும் சேர்த்திருக்கலாம். அறிக்கையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சோம்பேறிகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு ஏறத்தாழப் பாதி வலிமையே வெளிப்பட்டது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காதது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாதபோது கை தானாகத் தளர்வது மற்றொன்று.

அந்தப் பங்கை வெளியே கொண்டுவர ஆசிரியர்கள் கையாளும் வழி, சக மாணவர் மதிப்பீடு. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் ரகசியமாகப் புள்ளிகளைப் பகிர்ந்தளிக்கிறார்கள். எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவரின் எடையும், அதாவது அவர் பெற்ற புள்ளிகளிலிருந்து வரும், குழு மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்ணும், 1 என்று வருமாறு கணக்கு அமைந்திருக்கும். எடை 1.2 பெற்றவருக்கு 60 என்பது 72 ஆகும், 0.7 பெற்றவருக்கு 42. இது கடுமை என்று கருதுபவர்கள் பாதி மதிப்பெண்ணை அப்படியே விட்டு, மறுபாதியை மட்டும் எடையால் பெருக்குவார்கள். அப்போது அந்த 42, 51 ஆக உயரும். எனக்கு இந்த இரண்டாவது முறையே நியாயமாகப் படுகிறது.

தனக்குத் தானே புள்ளி போட ஏன் விடுவதில்லை? அவரவர் உழைப்பு அவரவர் நினைவில்தான் அதிகம் தங்கும். 'என் பங்கு இத்தனை விழுக்காடு' என்று நால்வரும் சொல்வதைக் கூட்டினால், பெரும்பாலும் நூறைத் தாண்டிவிடும்! நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு எல்லோருக்கும் சமமாகப் போட்டுவிட்டாலோ, இந்தக் கணக்கு எதையும் காட்டாது.

ஆகவே, வேலை நடக்கும்போதே கவனிக்க வேண்டியிருக்கிறது. 2010இல் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறனுக்கும் குழுவின் திறமைக்கும் தொடர்பு வலுவாக இல்லை. பேச்சு ஓரிருவரிடமே முடங்காமல் எல்லோரிடமும் சுற்றிவந்த குழுக்களும், பிறர் முகக்குறிப்பை உணரத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும் முந்தின.

அதற்காக, யார் எத்தனை முறை பேசினார் என்று எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. அரை மணி நேரம் வாய் திறக்காத மாணவி, "இந்த அளவை நாம் சரிபார்த்தோமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க, மற்ற மூவரும் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். எண்ணிக்கைப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடுதான் இருக்கும்.