லெகோவை விக்கப் போறீங்களா? தயவுசெஞ்சு கலர் பிரிக்காதீங்க

போன மாசம் செங்காங்ல ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து மனசே சரியில்ல. இந்த வருஷத்துல இது அஞ்சாவது வீடு. ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதனால எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் சிங்கப்பூர்ல 9 வருஷமா பழைய லெகோ, அதான் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக் கட்டுற அந்த பிளாஸ்டிக் செங்கல் விளையாட்டுச் சாமான், வாங்கி விக்கிறேன். வீடு மாறுறவங்க, பிள்ளைங்க வளர்ந்துட்ட வீடு, சில சமயம் ஒருத்தர் இறந்துபோய் அவர் சேத்து வச்சதைக் குடும்பம் விக்கிறது, இப்படித்தான் எனக்கு சரக்கு வரும். வாங்கி, பிரிச்சு, சுத்தம் பண்ணி, முழு செட்டா சேர்றதை செட்டாவும் மிச்சத்தை உதிரியாவும் விக்கிறதுதான் என் தொழில்.

செங்காங் அக்கா போன்ல சொன்னது இதுதான். "தம்பி, 48 கிலோ இருக்கு, எல்லாத்தையும் நல்லா கழுவி, கலர் வாரியா பிரிச்சு டப்பாவுல போட்டு ரெடியா வச்சிருக்கேன், நீங்க வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போனா போதும்." பையன் என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவையில, டெக்கோங் தீவு கேம்ப்ல இருக்கான், வீட்டுக்காரர் 3 வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டாரு, இருக்கிற வீட்டை வித்துட்டு சின்ன வீட்டுக்குப் போறாங்க. கழுவி, கலர் வாரியான்னு கேட்டதுமே எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு, இருந்தாலும் போனேன்.

ஹால்ல வரிசையா 14 டப்பா. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, கருப்பு, ஒவ்வொண்ணும் அவ்ளோ அழகா அடுக்கி இருந்துச்சு. மூணு வாரம் சனி ஞாயிறு முழுக்க உக்காந்து பிரிச்சிருக்காங்க. பச்சை டப்பாவைத் திறந்து கைய விட்டேன், சாம்பல் கலந்த மாதிரி ஒரு வெளிறின பச்சை செங்கல் கை நிறைய வந்துச்சு. எங்க தொழில்ல அதைப் பாத்தா உடனே தெரியும், சாண்ட் கிரீன், அந்தக் கலர்ல செங்கல் அவ்ளோ இருந்தா அது எந்த செட்ல இருந்து வந்திருக்கும்னு யோசிக்கவே வேணாம். "அக்கா, இது ஏதாவது கட்டடமா கட்டி இருந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"ஆமா தம்பி, கண்ணாடி ஷெல்ஃப்ல மூணு மாடிக் கடை ஒண்ணு இருந்துச்சு, கீழ காய்கறிக்கடை மாதிரி. அவங்க அப்பா வாங்கிக் கொடுத்தது, ரெண்டு பேருமா சேந்து கட்டுனது. அதைப் பிரிக்கத்தான் ஒரு நாள் முழுக்க ஆச்சு, நகமெல்லாம் போச்சு."

அது கிரீன் குரோசர், செட் நம்பர் 10185, 2008ல வந்தது, 2,352 பீஸ். வந்தப்ப விலை 150 அமெரிக்க டாலர், எப்பவோ நிறுத்திட்டாங்க, இன்னைக்கு முழுசா, எப்படிக் கட்டணும்னு காட்டுற புக்கோட இருந்தா அதைவிட சில மடங்கு போகும். புக் எங்கக்கான்னு கேட்டா, பெட்டி, புக் எல்லாத்தையும் காராங்குனி ஆளுகிட்ட, அதாவது நம்ம ஊர் பழைய பேப்பர்காரர் மாதிரி வருவாங்களே அவங்ககிட்ட போட்டாச்சு. ரெண்டு வெள்ளி, அதாவது ரெண்டு சிங்கப்பூர் டாலர், கொடுத்தாராம்.

அந்த அக்காவைக் குறை சொல்ல நான் இதை எழுதல. நல்லா செய்யணும்னு நினைச்சுத்தான் அவ்ளோ வேலை பாத்திருக்காங்க. யாரோ எங்கயோ "கலர் பிரிச்சு வச்சா நல்ல விலை கிடைக்கும்"னு சொல்லி வச்சிருக்காங்க, அது ஒரு நம்பிக்கையாவே ஊர் முழுக்கப் பரவிடுச்சு, இதுதான் எனக்குத் தாங்கல. அதனால இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

உங்க கிச்சன்ல அஞ்சறைப்பெட்டி இருக்கு. ஒருத்தர் உதவி பண்றேன்னு வந்து, கடுகு, மிளகு, கருஞ்சீரகம், கருப்பு உளுந்து எல்லாம் கருப்பா இருக்குன்னு ஒரே டப்பாவுலயும், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் மஞ்சளா இருக்குன்னு இன்னொரு டப்பாவுலயும் கொட்டி வச்சா எப்படி இருக்கும்? பாக்க சுத்தமாத்தான் இருக்கும், ஆனா தாளிக்க கடுகு எடுக்க முடியுமா? லெகோவைக் கலர் பிரிக்கிறது அச்சு அசலா இதேதான். கருப்புக் குவியல்ல ஒரு சின்ன கருப்பு பின்னை, அதாவது ரெண்டு பீஸை இணைக்கிற குட்டிக் குச்சியை, தேடிப் பாருங்க, கண்ணு வலிச்சிடும். அதே பின் நாலு கலர் பின்னுங்களோட ஒரே டப்பாவுல கிடந்தா சட்டுனு எடுத்துடலாம், ஏன்னா கண்ணுக்கு முதல்ல படுறது கலர்தான். அதனாலதான் நாங்க எப்பவும் வடிவத்தை வச்சுப் பிரிப்போம், கலர் கடைசியில. நீங்க கலர் பிரிச்சுக் கொடுத்தா நான் எல்லாத்தையும் மறுபடி ஒண்ணாக் கொட்டித்தான் ஆரம்பிக்கணும், உங்க மூணு வாரம் மொத்தமா வீண்.

வீணாப் போறதோட விட்டாக்கூடப் பரவாயில்ல. ஒரு வீட்டு லெகோ டப்பா எப்பவுமே சும்மா குப்பை மாதிரி கலந்து இருக்காது. ஒரு செட்டோட பீஸ் எல்லாம் பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துலதான் கிடக்கும், பாதி கட்டுன கார், சுவரோட ஒட்டுன ஜன்னல், ஒரு ஜிப் பையில தனியா போட்ட உதிரி, இதெல்லாம் எனக்குத் தடயம். அதைப் பாத்துத்தான் இது இன்ன செட், இன்ன வருஷம்னு கண்டுபிடிக்கிறேன். கலர் பிரிக்கும்போது அந்தத் தடயம் அத்தனையும் அழிஞ்சிடுது. 48 கிலோன்னா முப்பதாயிரம் பீஸுக்குக் குறையாது. ஒரு கிலோ பிரிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் தடயம் இருந்தா. இல்லாதப்ப அந்த நேரத்தோட கூலியை உங்களுக்குக் கொடுக்கிற விலையிலதான் நான் கழிக்க முடியும், வேற வழி இல்ல.

இன்னொண்ணு, நீங்க பாக்கிற கலரும் நாங்க பாக்கிற கலரும் ஒண்ணு இல்ல. 2004 வாக்குல லெகோ தன்னோட கிரே, பிரவுன் ரெண்டையும் மாத்திடுச்சு. பழைய கிரே லேசா மஞ்சள் சாயல், புது கிரே லேசா நீலச் சாயல். வாங்குறவங்க இதை ரொம்ப கறாரா பாப்பாங்க, ஒரு சுவர்ல ரெண்டும் கலந்தா திட்டுத் திட்டா தெரியும். அந்த வீட்டு கிரே டப்பாவுல ரெண்டு தலைமுறையும் ஒண்ணாக் கிடந்துச்சு.

அடுத்தது எடை. கிலோ என்ன விலைன்னு கேக்காதீங்க, இது வெங்காயம் இல்ல. 2க்கு 4 குமிழ் இருக்கிற சாதாரண செங்கல் ஒண்ணு 2.3 கிராம் வரும். ஒரு மினிஃபிகர், அதான் அந்தச் சின்ன மனுஷ பொம்மை, சுமார் 3 கிராம். கிலோ 25 வெள்ளின்னு வச்சுக்கிட்டா அந்த பொம்மை ஏழு எட்டு காசுக்குப் போகுது. அதுல சில பொம்மை தனியா வித்தாலே 20, 30 வெள்ளி, அபூர்வமானது அதுக்கும் மேல. மொத்தக் குவியல்ல எடையில நூத்துல ரெண்டு பங்குகூட இருக்காது, ஆனா மதிப்புல பெரும்பங்கு அங்கதான் இருக்கும். வேற எதையும் பிரிக்காட்டியும் பொம்மைங்களை மட்டும், தொப்பி, முடி, கையில பிடிக்கிற சாமான் சகிதமா, தனியா ஒரு பையில போட்டு வைங்க. அது போதும்.

கழுவுறது பத்தி. கழுவாதீங்க! வாஷிங் மெஷின்ல போடவே போடாதீங்க, டிஷ்வாஷர், வெந்நீர் எதுவும் வேணாம். தண்ணி சூடு 40 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு லெகோவே சொல்லுது. மெஷின்ல சுத்துனா ஒண்ணோட ஒண்ணு உரசி பளபளப்பு போயிடும், ஸ்டிக்கர் உரியும், பொம்மை நெஞ்சுல இருக்கிற பிரிண்ட் தேயும். மோட்டார், பேட்டரி பெட்டி, ரயில் எஞ்சின் உள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது. அப்புறம் காய வைக்கிறேன்னு காரிடார்ல வெயில்ல பரப்புறாங்க, வெள்ளையும் பழைய கிரேயும் வெயில்பட்டா மஞ்சளாகும். காயாம டப்பாவுல போட்டு மூடுனா சிங்கப்பூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடுல ஊற வச்சு வெள்ளையாக்குற வீடியோ பாத்துட்டு அதையும் முயற்சி பண்றாங்க, கொஞ்ச நாள்ல மறுபடி மஞ்சளாகுது. தூசி இருந்தா இருக்கட்டும், தூசிக்கு நான் விலை குறைக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் உடனே செய்யுங்க, உள்ள கிடக்கிற பழைய பேட்டரியை எடுத்துடுங்க, ஒழுகி எல்லாத்தையும் நாசம் பண்ணிடும்.

புக், பெட்டி எதையும் தூக்கிப் போடாதீங்க, கிழிஞ்சிருந்தாலும். புக் அட்டையில இருக்கிற நாலு இல்ல அஞ்சு இலக்க நம்பர்தான் செட்டோட பேரு மாதிரி. வீட்ல இருக்கிற புக் எல்லாத்தையும் தரையில பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புனா போதும், டப்பாக்குள்ள என்னென்ன இருக்கலாம்னு பாதி எனக்குத் தெரிஞ்சிடும்.

விலை பத்தி எல்லாரும் கேக்குறதால சொல்றேன். லெகோ தங்கத்தைவிட மேலன்னு ஒரு செய்தி சுத்திக்கிட்டே இருக்கு. ரஷ்யாவுல ஒரு ஆய்வு வந்துச்சு உண்மைதான், 1987ல இருந்து 2015 வரைக்குமான செட்டுங்களைப் பாத்து வருஷத்துக்குச் சராசரி 11 சதவீதம் ஏறுச்சுன்னு சொன்னாங்க. ஆனா அவங்க பாத்தது பிரிக்காத, சீல் உடைக்காத பெட்டி. உங்க பையன் எட்டு வயசுல விளையாடுன டப்பாவுக்கு அந்தக் கணக்கு வராது. சீல் வச்சதுக்கும் உத்தரவாதம் கிடையாது. 2008ல வந்த தாஜ்மஹால், 5,922 பீஸ், நிறுத்துனதுக்கு அப்புறம் விலை எங்கயோ போச்சு, வாங்கி பதுக்கி வச்சவங்க நிறைய. 2017ல கிட்டத்தட்ட அதே செட்டை லெகோ மறுபடி இறக்குச்சு, பழசோட விலை சரிஞ்சு விழுந்துச்சு.

நெட்ல ஒருத்தர் 2,000 வெள்ளின்னு போட்டிருக்காருன்னா அது அவர் கேக்குற விலை, அவ்ளோதான். யாரும் அதுக்கு வாங்கல, அதனாலதான் அது இன்னும் அங்கயே கிடக்கு. பிரிக்லிங்க்னு ஒரு தளம் இருக்கு, 2000ல ஆரம்பிச்சது, 2019ல லெகோவே வாங்கிடுச்சு. அதுல செட் நம்பரைப் போட்டா கடைசி 6 மாசத்துல நிஜமாவே என்ன விலைக்கு வித்துச்சுன்னு காட்டும், புதுசு தனி, பழசு தனி. பழசுங்கிற பக்கத்தைப் பாருங்க. என்னை மாதிரி ஆளுங்க அதுல பாதி கிட்டதான் கொடுப்போம், ஏன்னா பிரிக்கிற, எண்ணுற, விக்கிற வேலை எங்களோடது. அந்த வேலையை நீங்களே செய்ய நேரம் இருந்தா நீங்களே வித்துக்கோங்க, அதுதான் உங்களுக்கு லாபம், நான் மனசாரத்தான் சொல்றேன்.

டூப்ளிகேட்டைக் கலக்காதீங்க. குமிழ் மேல லெகோன்னு எழுதி இருக்கும், பூதக்கண்ணாடி கூட வேணாம், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தெரியும். இல்லாதது எல்லாம் தனி டப்பா. லெபின்னு ஒரு சீனக் காப்பி இங்கயும் நிறைய வந்துச்சு, 2019ல ஷாங்காய் போலீஸ் அந்தக் கும்பலைப் பிடிச்சாங்க, ஆனா வித்தது எல்லாம் இன்னும் வீடுகள்ல கிடக்கு. ஒரு கை காப்பி கலந்திருந்தாலும் வாங்குறவருக்கு மொத்தத்து மேலயும் சந்தேகம் வந்திடும்.

வீட்டுக்கு வர்றவங்ககிட்ட கவனமா இருங்க. "சும்மா பாக்குறேன் ஆன்ட்டி"ன்னு உக்காந்து பொம்மையெல்லாம் பொறுக்கி, "இதுக்கு 50 வெள்ளி தரேன், மிச்சம் வேணாம்"னு போயிடுவாங்க, அப்புறம் உங்ககிட்ட இருக்கிறது சக்கை. முழுசா எடுத்தா எடுக்கட்டும், இல்லன்னா யாரையும் பொறுக்க விடாதீங்க. பேநவ்ல, அதாவது போன் வழியா பேங்க்ல, பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டுனா நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்ல பணம் ஏறுனதைப் பாத்துட்டு டப்பாவைக் கொடுங்க. பணம் வாங்க லிங்க்கை அமுக்குங்கன்னு சொன்னா அது மோசடி, சந்தேகம்னா மோசடி உதவி எண் 1799க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

கடைசியா ஒரு கெஞ்சல். பிள்ளை சாமானை பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வில்லுங்க. அவன் பத்து வருஷமா தொடலைன்னு உங்களுக்குத் தோணும், ஆனா எது வேணும் எது வேணாம்னு அவனுக்குத்தான் தெரியும். கேம்ப்ல இருந்தா புக்-அவுட் ஆகி, அதாவது லீவுல வெளிய, வர்ற வரைக்கும் டப்பா அங்கயே கிடக்கட்டும், ரெண்டு வாரத்துல விலை ஒண்ணும் குறைஞ்சிடாது.

செங்காங்ல நான் அன்னைக்கு எதுவும் வாங்கல, தம்பி வந்ததும் பேசிக்கலாம்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த சனிக்கிழமை அவன் வந்ததும் போன் பண்ணாங்க, போனேன். மொட்டைத் தலையோட பச்சை டப்பா முன்னாடி உக்காந்திருந்தான். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லல. "அண்ணே, மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க, அப்பா கடையை மட்டும் திரும்பக் கட்ட முடியுமா?"ன்னு கேட்டான். 10185க்கான புக்கை லெகோ தளத்துல இருந்து பிடிஎஃப்பா இறக்கிக் கொடுத்தேன், பீஸ் லிஸ்ட்டும் எடுத்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம் மத்த டப்பாவை எடுத்துட்டு வர எனக்கு மனசு வரல, அவனுக்கு வேண்டிய பீஸ் பதினாலு டப்பாவுலயும் சிதறிக் கிடக்கே. முதல் நாள் மூணு பேரும் உக்காந்து ரெண்டு மணி நேரம் தேடுனோம். 60 பீஸ் கிடைச்சுது. இன்னும் 2,292 பாக்கி.