"நினைவில்லை" என்று சொல்லப் பயப்படாதீர்கள்

சென்ற வாரம் ஒரு வாகனத் திருட்டு வழக்கு. சாட்சிக் கூண்டில் ஓர் இளம் காவலர். முதல் விசாரணையில் தேதி, நேரம், வண்டி எண், நிறம் எல்லாம் அவரிடமிருந்து மளமளவென்று வந்தன. அரசு வழக்கறிஞராக அவரை விசாரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியை யாரும் அவ்வளவு சரளமாக நினைவில் வைத்திருப்பதில்லை.

குறுக்கு விசாரணைக்கு எழுந்த வழக்கறிஞர் குரலைக்கூட உயர்த்தவில்லை. இவருடைய குறிப்பேட்டையும், உடன் போன காவலரின் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கூண்டில் இவர் ஒப்பித்ததும் அதே தப்பான எண்தான். வண்டியின் புகைப்படத்தில் சரியான எண் பளிச்சென்று தெரிகிறது.

"இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகத்தான் எழுதினீர்கள், இல்லையா?"

"ஆமாம்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் காவலர் சொன்ன எதுவும் நிற்கவில்லை. முந்தைய நாள் அரைமணி நேரம் கிடைத்திருந்தால் நானே அந்தத் தப்பைப் பிடித்திருப்பேன். அவர் என்னைப் பார்க்க வந்ததோ நீதிபதி வந்து அமர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு. இந்த வருடத்தில் இப்படி ஆன மூன்றாவது வழக்கு எனக்கு இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாட்சி சொல்வது என்றால் கோப்பை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்று காவல் துறையில் பலரும் நம்புகிறார்கள். மேலதிகாரிகளும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: "தடுமாறக் கூடாது, நினைவில்லை என்று சொல்லிவிடாதே." இதைவிடக் கெடுதலான அறிவுரையை நான் கேட்டதில்லை. நீதிமன்றத்துக்கு வேண்டியது நீங்கள் கண்டது, கேட்டது, செய்தது. கோப்பில் இருப்பதை உங்கள் வாயால் திரும்பக் கேட்பதற்கு உங்களை வரவழைக்கத் தேவையில்லை. மனப்பாடம் செய்தவரிடம் கேள்வியின் வரிசையை மாற்றினால் போதும், திணறிவிடுவார். "வண்டியைப் பார்த்தபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" என்ற எளிய கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அது கோப்பில் இல்லை.

நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லுங்கள். அடுத்து, "அப்போதே எழுதிய குறிப்பு இருக்கிறது, பார்க்க அனுமதி வேண்டும்" என்று நீதிபதியிடம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1872ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இதற்கென்று 159ஆம் பிரிவு இருந்தது. ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் பார்க்கும் குறிப்பை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதனால் அது சம்பவத்தை ஒட்டி, உங்கள் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

அப்புறம், உடன் வேலை பார்த்தவரோடு உட்கார்ந்து "சரிபார்த்துக்கொள்வது". கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நினைவு ஒட்டிக்கொள்ளும் சங்கதி. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நிகழ்வை வேறு வேறு கோணத்தில் எடுத்த வீடியோக்களை இருவருக்குத் தனித்தனியே காட்டிவிட்டுப் பேச விட்டார்கள். அப்படிப் பேசியவர்களில் 71 சதவீதம் பேர், மற்றவர் சொல்லி மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தையாவது தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கேள்வியில் வரும் ஒரு சொல்லே போதும். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் காட்டிக் கேட்டார்கள். கார்கள் "தொட்டபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 40.8 என்றார்கள். குறுக்கு விசாரணையில் கேள்விக்குள் ஒரு சொல்லை நுழைத்துக் கேட்டால் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "நான் துரத்தவில்லை, பின்னால் நடந்தேன்" என்று அங்கேயே திருத்துங்கள்.

தயாராவது வேறு, பாடம் படிப்பது வேறு. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் மொமோடு வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது: நீதிமன்ற நடைமுறையைச் சாட்சிக்குப் பழக்கிக் கொடுக்கலாம், சாட்சியத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

சரி, தயாராவது எப்படி? உங்கள் குறிப்பேட்டை எடுத்து நிதானமாக வாசியுங்கள். முடிந்தால் சம்பவ இடத்துக்கு மறுபடி போய், நின்ற இடத்தில் நின்று பாருங்கள். சான்றுப் பொருளை முன்கூட்டியே பார்க்க முடிந்தால், உறையின் முத்திரை, உங்கள் கையெழுத்து, பொருள் கைமாறிய ஒவ்வொரு தேதி என எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக நேரம். கண்காணிப்பு கேமராவின் கடிகாரம் ஒன்று காட்டும், கட்டுப்பாட்டு அறைப் பதிவு ஒன்று காட்டும், உங்கள் கைக்கடிகாரம் வேறொன்று காட்டும். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு விளக்கம் இல்லாமல் கூண்டில் விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "கேமராவின் கடிகாரம் முந்தி ஓடியது, அன்றே குறித்து வைத்தேன்" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்திருக்கும்.

கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்காக என் முகத்தைப் பார்க்காதீர்கள், நீதிபதி அதையும் கவனிக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கோபப்படாதீர்கள், அவர் தன் வேலையைச் செய்கிறார். உங்களுக்குத் தெரிந்தது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். சத்தியம் செய்துவிட்டு அதில் பாதியை மறைப்பவர் என் சாட்சியாக வர வேண்டாம்.

மேலதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரவுப் பணி முடித்தவரை அப்படியே நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் அவர் சொல்வதை நம்பித்தான் ஒருவர் சிறைக்குப் போகிறாரா, வீட்டுக்குப் போகிறாரா என்று முடிவாகிறது.

நாளை சாட்சி சொல்லப் போகிறவர், குறிப்பேட்டில் ஏதாவது தப்பு இருப்பதைப் பார்த்தால் அதன்மேல் கை வைக்காதீர்கள். அடிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அரசு வழக்கறிஞரை இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். எத்தனை மணியானாலும் பரவாயில்லை.