காத்திருப்பு எங்கே போகிறது?

“மாமா, அவர்கள் காத்திருக்க வேண்டிய நேரத்தை இப்போது யார் காத்திருக்கிறார்கள்?”

தங்கை மகள் இப்படிக் கேட்டபோது நாங்கள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், புதிதாகத் திறந்த ரோலர் கோஸ்டரின் வரிசையில் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். விடிவதற்குமுன் கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி வந்தவர்கள். எங்களுக்கு இடப்பக்கம், கம்பித் தடுப்புக்கு அப்பால், இன்னொரு வரிசை. அதை வரிசை என்பதே மிகை. கூடுதல் பணம் கட்டி மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டிக்கொண்டவர்கள் நான்கைந்து பேராக வந்தார்கள், மூச்சு வாங்கினார்கள், ஏறிப் போனார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்காரி. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அந்த மாதம்தான் பள்ளியில் படித்திருக்கிறாள். காத்திருப்புக்கும் அப்படி ஒரு விதி இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு. இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் தலைக்கு மேல் அலறிக்கொண்டு ஓடிய வண்டியைப் பார்த்துவிடலாம்.

சங்கிலி இழுத்து ஏற்றும் ரோலர் கோஸ்டர் வண்டியில் இஞ்சின் கிடையாது. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு முதல் ஏற்றம் புரியும்: வேறெங்கோ இருக்கும் மோட்டார் வண்டியை மேலே இழுக்கிறது, அவ்வளவுதான். ஏறும்போது கேட்கும் டக் டக் சத்தம், வண்டிக்கு அடியில் உள்ள எஃகு நாக்கு தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுவது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாது. உச்சிக்குப் போன பிறகு எல்லாம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. 40 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். உராய்வும் காற்றும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். வண்டியில் இருப்பவர்களின் எடை அந்தக் கணக்கில் வரவே வராது.

தலைகீழாகச் சுற்றும் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல் மழைத்துளிபோல இருக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். முழு வட்டத்தில், உச்சியைத் தட்டுத்தடுமாறிக் கடக்கும் அளவுக்கே வேகம் இருந்தாலும், அடியில் உங்கள் எடை 6 மடங்காகத் தெரியும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் அப்படி ஒரு வட்டத்தைக் கட்டி, ஏறியவர்களின் கழுத்தை வலிக்கவைத்தார்கள். அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப்போகக் குறுகும் வளைவை ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் 1976இல் கலிபோர்னியாவின் ஒரு கோஸ்டரில் கொண்டுவந்த பிறகுதான் வளையம் பிழைத்தது.

நாங்கள் பார்த்த வண்டியின் மூக்கில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார்கள். எலுமிச்சையோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் வண்டியைத் தண்டவாளத்திலிருந்து விலகாமல் வைத்திருப்பது, மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று குழாயை மூன்று பக்கமும் கவ்விப் பிடிக்கும் சக்கரங்கள். தினமும் காலையில் பூங்கா திறப்பதற்கு முன் அவற்றைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளிக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

வண்டி நிற்பதுதான் இன்னும் அழகு. கடைசி நேர்ப்பாதையில் இரண்டு வரிசையாக நிலைக்காந்தங்கள். வண்டிக்கு அடியில் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு தகடு. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. தகடு காந்தங்களுக்கு நடுவே பாயும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவற்றின் காந்தப்புலம் வந்த வேகத்தையே எதிர்க்கிறது. வேகமாக வந்தால் நன்றாகவே பிடிக்கிறது, வேகம் குறையக் குறையப் பிடியும் தளர்கிறது. மின்சாரம் போனாலும் வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு மின்சாரமே வேண்டாம். முழுதாக நிறுத்த மட்டும் அதற்குத் தெரியாது. கடைசித் தவழலை வேறு பிரேக்குதான் பிடிக்க வேண்டும். மேலே சேர்த்த ஆற்றல் முழுவதும் கடைசியில் தகட்டிலும் காற்றிலும் சக்கரங்களிலும் சூடாகிவிடுகிறது. கணக்கு முடிந்தது, பைசா குறையவில்லை.

இனிக் காத்திருப்பின் கணக்கு.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். வண்டியில் 20 இருக்கைகள். ஒரு வண்டி கிளம்பி அடுத்தது கிளம்ப 2 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு 10 பேர். எங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 400 தலைகள். வகுத்தால் 40 நிமிடம். இந்த வகுத்தலுக்குப் பின்னால் ஒரு பெரிய தேற்றம் இருக்கிறது. அமைப்புக்குள் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வந்து சேரும் வேகத்தையும் ஒருவர் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவினார். பார்த்தவுடன் இதை நிறுவ வேறு வேண்டுமா என்று தோன்றும். தேநீர்க் கடைக்கும், மருத்துவமனைக்கும், துறைமுகத்துக்கும், லாரி வரிசைக்கும், யார் எப்படி வந்தாலும், ஒரே விதி பொருந்துகிறது என்பதில்தான் அதன் அருமை. வரிசைகளைக் கணிதமாக்கும் வேலையை முதலில் தொடங்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங். 1909இல் அவர் எண்ணியது மனிதர்களை அல்ல, இணைப்புக்காக வந்து குவியும் அழைப்புகளை.

நாற்பது நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று நம்பினோம். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் 5 இருக்கைகள் பக்கத்து வாசலுக்குப் போயின. எங்கள் வரிசைக்குக் கிடைத்தது 15. நிமிடத்துக்கு ஏழரைப் பேர். 400ஐ ஏழரையால் வகுத்தால் 53 நிமிடத்துக்கு மேல். அந்த 13 நிமிடம்தான் தங்கை மகளின் கேள்வி.

பையில் வறுத்த கடலைப் பொட்டலம் இருந்தது. பத்துக் கடலைகளை அவள் உள்ளங்கையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். ஒருவர் ஏற ஒரு நிமிடம். முதல் கடலை காத்திருப்பது பூஜ்யம், இரண்டாவது 1 நிமிடம், மூன்றாவது 2, இப்படியே பத்தாவது 9. எல்லாவற்றையும் கூட்டினால் 45 நிமிடம். இப்போது பத்தாவது கடலை பணம் கட்டிவிட்டது. எடுத்து முன்னால் வை. அதன் காத்திருப்பு 9இலிருந்து பூஜ்யமானது. மற்ற ஒன்பதும் ஆளுக்கு 1 நிமிடம் பின்னால் தள்ளப்பட்டன. மீண்டும் கூட்டினாள். 45. ஐந்தாவதை எடுத்து முன்னால் வைத்தாள், கடைசி மூன்றைக் கலைத்து மாற்றினாள், பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து “நடு இரண்டையும் மாற்றிப் பார்” என்றார். 45தான்.

அந்தப் பெரியவருக்கு நான் ஒரு பெயர் சொன்னேன்: லெனார்டு கிளைன்ராக். பிற்காலத்தில் இணையமாக வளர்ந்த வலையமைப்பின் முதல் செய்தி 1969இல் கிளம்பியது இவருடைய ஆய்வகத்திலிருந்துதான். அதற்கு முன்பே, 1965இல், வரிசைகளுக்கான அழிவின்மை விதியை அவர் எழுதிவிட்டார். சேவை செய்யும் இடம் சும்மா இராமல் ஓடிக்கொண்டிருந்தால், யாரை முதலில் விடுவது என்ற விதியை எப்படி மாற்றினாலும், ஒவ்வொரு வகையினரும் சேவைக்குக் கொண்டுவரும் வேலையின் அளவுக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டிய காத்திருப்பு மாறாது. ஒரு வகையினருக்குக் குறைத்தால் இன்னொரு வகையினருக்கு அது கூடியே தீரும். வண்டி மலையிலிருந்து இறங்கும்போது உயரம் வேகமாவதுபோல, இங்கே ஒருவரின் நிமிடம் இன்னொருவரின் காலுக்கு மாறுகிறது. கடலையை உருட்டிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் எனக்கு இதுவே திரும்பத் திரும்ப வியப்பாக இருந்தது. எஃகுக்கும் காந்தத்துக்கும் விதி இருப்பது இயல்பு. சலிப்புக்கும் ஒரு விதி இருக்கிறதே!

விலைப் பட்டியலைப் பார்க்கும்போது இது ஏன் தெரிவதில்லை? லாபம் ஓரிடத்தில் குவிகிறது, நட்டம் சிதறிவிடுகிறது. முன்னால் போனவருக்கு மிச்சமான 9 நிமிடம் கண்ணுக்குத் தெரியும். இழந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அதற்காக யார் சண்டை போடுவார்கள்? பணத்தை அந்த ஒன்பது பேர் வாங்கியிருந்தால் வியாபாரம் என்று சொல்லலாம். விற்றது எங்கள் நேரம், காசு போனது பூங்காவுக்கு. விரைவு டிக்கெட் இலவசமாக இருந்தாலும் கணக்கு இதேதான். டிஸ்னி பூங்காக்கள் 1999இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, 2021இல் அதைக் கைவிட்டுக் கட்டணத்துக்கு மாறின. கிளைன்ராக்கின் கூட்டுத்தொகைக்குக் கட்டணம் தெரியாது.

நம் ஊரில் இதில் புதுமை ஒன்றும் இல்லை. பழனியில் சிறப்பு தரிசன டிக்கெட், குருவாயூரில் பணம் கட்டி வரிசையைத் தாண்டும் நெய்விளக்கு வழிபாடு. முருகன் சன்னதியிலும் கடலைக் கணக்கு 45தான். கட்டணம் கோயிலுக்குத்தானே போகிறது என்று என் தங்கை வாதிடுவாள். போகட்டும். பொது வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பவளின் நிமிடத்தைச் சேர்த்து உண்டியலில் போடுகிறோம் என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

கடலைக் கணக்குக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, எல்லாருக்கும் ஒரே நேரம் ஆகாத இடங்கள். ரேஷன் கடையில் ஒருவருக்குப் பத்து நிமிடம், மண்ணெண்ணெய் மட்டும் வாங்குபவருக்கு ஒரு நிமிடம் என்றால், சின்ன வேலையை முன்னால் விட்டால் மொத்தக் காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறையும். ரோலர் கோஸ்டரில் எல்லா இருக்கைக்கும் ஒரே நேரம். அந்தத் தந்திரம் செல்லாது. இரண்டாவது, சேவை செய்யும் இடம் உண்மையில் சும்மா இருந்தால். மூன்று பேர் குடும்பம் நாலு பேர் வரிசையில் உட்கார்ந்தால் ஓர் இருக்கை காலியாகப் போகிறது. தனியாக வருபவர்களுக்கு ஒரு வாசல் வைத்து அந்த இடங்களை நிரப்பினால், யாருடைய நிமிடத்தையும் எடுக்காமல் வரிசை நகரும். அந்தப் பூங்காவில் அப்படி வாசல் இல்லை. எங்கள் கண்ணெதிரே பதினோரு இருக்கைகள் வெறுமையாகச் சுற்றிவந்தன.

இன்னும் ஒரு வண்டியைத் தண்டவாளத்தில் விட்டால் என்ன என்று தோன்றலாம். ரயில்வேயைப்போலவே இங்கும் பாதை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்வண்டி விலகாவிட்டால் பின்வண்டியை பிரேக் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே இடுக்கு தண்டவாளத்தில் இல்லை, மேடையில். ஆள் இறங்கி, ஆள் ஏறி, தோள்பட்டையை அழுத்தும் கம்பியை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தும்வரை அடுத்தது நகராது.

இங்கே ஒரு புலம்பலுக்கு இடம் கொடுங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் லாரியோடு இரவெல்லாம் கிடந்துவிட்டு என் பெரியப்பா வீட்டுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2017இல் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகுதான் அந்த வரிசை தீர்ந்தது. 2011 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐயப்ப பக்தர்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். வரிசையும் கூட்டமும் உயிர் விஷயமாக இருக்கும் நாட்டில், அவற்றைப் படிக்கும் கணிதத்துக்கு ஆய்வு நிதி கேட்டால் “இதில் என்ன கண்டுபிடிப்பு?” என்று கேட்பார்கள். பரிகார பூஜை என்றால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் மேடையை எட்டினோம். அப்போதுதான் தெரிந்தது, இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதியைத் தின்பது செருப்பு. வண்டிக்கு அருகே வந்த பிறகே எல்லாரும் குனிந்து வாரை அவிழ்க்கிறார்கள், பையை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள், கண்ணாடியைக் கழற்றலாமா என்று கேட்கிறார்கள். 120 நொடியை 100 ஆக்கினால் நிமிடத்துக்கு 12 பேர். பக்கத்து வாசலே இல்லாவிட்டால் நாற்பது நிமிடம் முப்பத்துமூன்றாகிவிடும்.

ஏறி இறங்கினோம். எனக்கு வயிறு கலங்கியது, அவளுக்கு இன்னொரு முறை வேண்டுமாம். இரண்டாம் முறை மேடைக்குப் பத்து அடி முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கும் உத்தரவு. முன்னால் நின்ற கல்லூரிப் பையன்களிடமும் சொன்னாள்; சிரித்துக்கொண்டே அவர்களும் கழற்றினார்கள். அந்த வண்டி 1 நிமிடம் 46 நொடியில் கிளம்பியது. ஒரு வண்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நான் சொன்னபோது சங்கிலி இழுக்கத் தொடங்கிவிட்டது. டக் டக் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல இருந்துகொண்டாள்.